சங்கரன்கோவிலில் கம்பளி சாக்ஸ் தேடியதும், ஸ்ரீநகரில் அக்காவின் கால்களைக் காத்ததும்

இந்த ஜனவரியில் நானும் என் அக்கா சொர்ணமும் ஸ்ரீநகர் போய்வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அக்காவின் ஒரே மகள் மகேஸ்வரி அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். முதல் போஸ்டிங், முதல் குளிர்காலம். டிசம்பரில் நிமோனியா வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அறைக்குத் திரும்பிய பிறகுதான் போனில் சொன்னாள். அக்கா போனை வைத்தாள். மாவு மில் மோட்டாரை நிறுத்தினாள். இரண்டு தெரு தாண்டி என் வீட்டுக்கு வந்து, "ஏலே, எனக்கு டிக்கெட் போடு. பிள்ளைய என் கண்ணால பாக்கணும்" என்றாள். அவளுக்கு இந்தி தெரியாது, எனக்கு ஓரளவு தெரியும். அத்தான் மில்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பள்ளி ஆசிரியர். பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டேன்.

டிக்கெட் போட்ட அன்றே எனக்குத் தூக்கம் போனது. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் மில்லில் ஒரு ஆணி உள்ளங்காலில் ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. அன்று முழுக்க அதோடு நடந்திருக்கிறாள். சிமெண்டுத் தரையில் சிந்திக் கிடந்த மாவில் சிவப்பாகத் தடம் விழுவதைப் பார்த்து, மாவு அரைக்க வந்த ஒரு பெண்தான் சொன்னாள். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அப்படிப்பட்ட காலைப் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோமே என்பதுதான் என் கவலை.

பாளையங்கோட்டையில் அக்காவைப் பார்க்கும் டாக்டர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று விஷயம் சொன்னார். கால் ஈரமாக இருக்கக் கூடாது. காலை, மாலை இரண்டு வேளையும் வேறொருவர் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் காலை நெருப்பிலோ ஹீட்டரிலோ வெந்நீர்ப் பையிலோ காட்டக் கூடாது. சுட்டாலும் அவளுக்குத் தெரியாது. "நல்ல கம்பளி சாக்ஸ் வாங்கிக்கோங்க" என்று முடித்தார். அதைச் சங்கரன்கோவிலில் எங்கே வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

ரத வீதியில் மூன்று ஜவுளிக் கடை, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு செருப்புக் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். எல்லாம் பள்ளிக்கூட சாக்ஸ். "கம்பளி கேக்கிய சார். இந்த ஊர்ல வெள்ளையும் சாம்பலும்தான் ஓடும். கம்பளிய வாங்கி வச்சா பூச்சிதான் திங்கும்" என்றார். இன்னொரு கடையில் மலைக்கு மாலை போட்டவர்கள் வாங்கிப் போக வைத்திருந்த மப்ளர் இருந்தது, சாக்ஸ் இல்லை. எனக்கு மட்டும் நான்கு ஜோடி பருத்தி சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போது அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

வழி காட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர். கடையநல்லூரில் சாகுல் என்று அவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், வளைகுடா நாட்டில் மீனும் இறைச்சியும் உறைய வைக்கும் குளிர்கிடங்கில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் என்றார். வெயில் நாட்டுக்குப் போய்க் குளிரில் நின்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி வழியாகக் கடையநல்லூருக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

சாகுலுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தன் பழைய சாக்ஸ் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கனமாக, ஆட்டுக்குட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, பருத்தி வேண்டவே வேண்டாம். வேர்வையக் குடிச்சிட்டு அப்படியே வச்சிக்கிடும். ஈரத்தோட குளிரும் சேந்தா கால் செத்துரும். கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு குடுக்கும். ஆனா லேபிளப் பாத்து வாங்கணும். கம்பளின்னு எழுதியிருக்கும், உள்ள முழுக்க செயற்கை நூலா இருக்கும். பாதிக்கு மேல கம்பளி இருக்கணும்."

பிறகு சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காட்டினார். விரல் பக்கம் தையல் மேடு இருக்கக் கூடாது, உணர்ச்சி இல்லாத காலில் அது உரசியே புண்ணாக்கிவிடும். மேல் பட்டைக்குள் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். உள்ளே மெல்லிசாக வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடி, வெளியே கனமாக ஒரு ஜோடி. வெள்ளை எதற்கு என்று கேட்டேன். "ரத்தம் வந்தா தெரியணும்லா" என்றார். மூன்றாவது ஜோடி போட்டால் இன்னும் சூடாக இருக்காதா என்றும் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். "அந்தத் தப்பத்தான் எல்லாரும் பண்ணுவாக. எங்க கிடங்கில ஒருத்தர் மூணு சாக்ஸ் போட்டு இறுக்கமா பூட்சும் போட்டாரு. ரத்தம் ஓட எடம் இல்ல. சுண்டுவெரல எடுத்துட்டாக."

கடைசியாக அக்காவின் கால் விரலைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதிய. இந்த மெட்டியக் கழத்திட்டுப் போனா நல்லது. சூடு குளிர் மாறும்போது வெரல் வீங்கும். எங்கள மோதிரம் போட விடவே மாட்டாக."

அக்கா புடவையைக் கால் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "அவுக நல்லா இருக்கும்போது நான் எதுக்குத் தம்பி கழத்தணும்" என்றாள். சாகுல் தன் சாக்ஸை மடித்து எடுத்து வைத்தார். நானும் வற்புறுத்தவில்லை. பஸ்ஸிலாவது பேசியிருக்கலாம்.

சாக்ஸை இணையத்தில்தான் வாங்கினேன். முதலில் வந்தது சாகுல் சொன்ன மாதிரியே பேருக்குக் கம்பளி, திருப்பி அனுப்பினேன். இரண்டாவதாக வந்தது எழுபது சதவீதக் கம்பளி, ஜோடி 780 ரூபாய். மூன்று ஜோடி. உள்ளே போட வெள்ளையில் நான்கு ஜோடி. ஷூவை அக்காவின் அளவுக்கு ஒரு எண் கூடுதலாக, இரண்டு சாக்ஸையும் போட்டுப் பார்த்துத் திருநெல்வேலியில் வாங்கினோம்.

போகிக்கு முந்தின நாள் மாலை ஏழரை வாக்கில் சங்கரன்கோவிலில் பொதிகை ஏறினோம். காலை ஆறு மணிக்கு எழும்பூர். அங்கிருந்து மெட்ரோவில், ஆலந்தூரில் மாறி, விமான நிலையம். பத்தரைக்கு விமானம், டெல்லியில் மாறி ஸ்ரீநகர். ஒரு ஆளுக்குப் போக மட்டும் 11,400 ரூபாய் ஆயிற்று. முன்கூட்டியே போட்டால் குறையும். நம்முடைய பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இது தெரியாமல் போய் என் போன் அங்கே வெறும் டார்ச் லைட்டாகத்தான் பயன்பட்டது.

டெல்லி விமான நிலையத்தில் அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக சாக்ஸ் போட்டாள். நான் தரையில் உட்கார்ந்து போட்டு விட்டேன். சுருக்கம் விழாமல் இழுத்து, தையல் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்து. அவளுக்குக் கூச்சம். "எல்லாரும் பாக்காவ, விடுலே" என்றாள். ஷூ போட்டு எழுந்தவள் தண்ணீருக்குள் நடப்பவள் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

ஸ்ரீநகரில் இறங்கும்போது மாலை நாலரை. வெளியே இரண்டு டிகிரி. மகேஸ்வரியின் அறை விமான நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், டாக்சி 900 ரூபாய். அவள் வாசலிலேயே நின்றாள். கன்னம் ஒட்டி, முழங்கால் வரை தொங்கும் ஃபிரன் என்கிற கம்பளி அங்கிக்குள் பாதி ஆளாக இருந்தாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். நான் அந்த நேரத்தில் அறையைத்தான் பார்த்தேன். மூலையில் கேஸ் ஹீட்டர். கட்டிலில் மின்சாரத்தில் சூடாகும் கம்பளிப் போர்வை. மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்த காங்ரி, அதாவது கூடைக்குள் கரி கனலும் மண்சட்டி. மூன்றுமே அக்காவின் காலுக்கு எதிரி. ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தேன். "மாமா, அம்மா நடுங்குதா, நீங்க ஹீட்டர அணைக்கியளே" என்று மகேஸ்வரிக்குக் கோபம்.

அன்று மாலையே ஒன்று நடந்தது. குளியலறைக்குப் போய்வந்த அக்கா அறைக்குள் நடந்த வழியெல்லாம் ஈரத் தடம். சாக்ஸோடு நனைந்த தரையில் நின்றிருக்கிறாள். சொட்டச் சொட்ட நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை. கழற்றித் துடைத்து மாற்றிவிட்டேன். அப்போதுதான் டாக்டர் சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தரையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மறுநாள் பொங்கல். காலை ஏழு மணிக்குப் பாதத்தைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அக்கா கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்து வீட்டுக்காரர் நசீர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். பத்து மணிக்கு மூன்று பேரும் வெளியே கிளம்பினோம். தால் ஏரி ஓரத்தில் தண்ணீர் கண்ணாடித் தகடு போல உறைந்திருந்தது. லால் சௌக்கில் கடைவீதி. வெயில் அடித்தாலும் காற்று காதை அறுத்தது. நான் இரண்டு தடவை, "கால் எப்படி இருக்கு" என்று கேட்டேன். இரண்டு தடவையும் "நல்லா இருக்குலே" என்றாள். உணர்ச்சி இல்லாத காலைப் பற்றி அவளிடமே கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

நாலரைக்கு அறைக்குத் திரும்பியதும் ஷூவைக் கழற்றினேன். நான் காலையில் போட்டுவிட்ட சாம்பல் நிறக் கம்பளிக்கு மேல் இன்னொரு சாக்ஸ் இருந்தது. அடர் சிவப்பு, பூவேலை செய்தது, பார்க்க அழகு. பட்டை கெண்டைக்காலில் பதிந்து தசை பிதுங்கியிருந்தது. அதை உருவவே சிரமமாக இருந்தது. உள்ளே வலது காலின் இரண்டாவது விரல் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து கால்வாசிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"இது யாரு போட்டது?"

மகேஸ்வரியின் முகம் வெளிறியது. "நான்தான் மாமா. பொங்கலுக்கு அம்மாக்குன்னு வாங்கி வச்சிருந்தேன். நீங்க குளிக்கப் போனப்போ போட்டுவிட்டேன்."

அவள் அடுக்களைக்கு ஓடி வெந்நீர் வைத்து ரப்பர் பையில் ஊற்ற ஆரம்பித்தாள். "சூடு வைக்காத, வைக்காத" என்று நான் கத்தியதில் மாடியிலிருந்து நசீர் இறங்கி வந்துவிட்டார். சோப்பு போட்டுப் பார்த்தோம், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். மெட்டி அசையவில்லை. நான் விரல் நுனியை அழுத்தினேன். வெளுத்த இடத்தில் நிறம் திரும்பவே இல்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்கலயே" என்றாள்.

நசீர் கார் எடுத்தார். இரண்டு கிலோமீட்டரில் ஒரு கிளினிக். தெரு ஓரத்துப் பனி கறுத்து இறுகிக் கிடந்தது, கார் ஊர்ந்துதான் போயிற்று. அந்த இரண்டு கிலோமீட்டரில் என்னால் அத்தானிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசிக்க முடிந்தது. டாக்டர் ஒரு பெண். பார்த்ததும் மெட்டியை வெட்ட வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா குனிந்து மெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "அவுகளுக்கு ஒரு போன் போடு" என்றாள்.

மகேஸ்வரியின் போனிலிருந்து கூப்பிட்டோம். பின்னால் மில் ஓடும் சத்தத்தில் அத்தான் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டார். "இதுக்கு என்கிட்ட கேக்கணுமா? வெட்டச் சொல்லு. சொர்ணம், எனக்கு நீ நடந்து வந்தாப் போதும்" என்றார்.

சின்ன வட்ட ரம்பம் வைத்த ஒரு கருவியால் வெட்டினார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கால். டாக்டர் முதலில் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார், அதன்பிறகுதான் காலை வைக்க விட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்தேமுக்கால், ஆறு, ஆறேகால். ஆறரை தாண்டித்தான் நகத்துக்கு அடியில் லேசாகச் சிவப்பு வந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, விரல் தப்பியது, இப்படியே ராத்திரி முழுவதும் விட்டிருந்தால் தான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். இறுக்கமும் வீக்கமும்தான் காரணம், குளிர் அதற்குத் துணை என்றார்.

திரும்பும்போது காரில் மகேஸ்வரி அழுதுகொண்டே வந்தாள். "இறுக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?"

"கெண்டைக்கால்ல இறுக்கத்தான் செஞ்சது. நீ ஆசையா வாங்கி வச்சிருக்க. எப்படிச் சொல்ல" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ மட்டும் காய்ச்சல்னு சொன்னியாக்கும்" என்றாள். இரண்டு பேரும் அதன் பிறகு கையைக் கோத்துக்கொண்டார்கள்.

விரலில் ஒரு கொப்புளம் வந்து ஆறியது. ஐந்து நாளில் முடிவதாக இருந்த பயணத்தை ஒன்பது நாளாக்கினோம். டிக்கெட் மாற்ற ஆளுக்கு 3,200 ரூபாய். மகேஸ்வரி கொஞ்சம் தேறினாள். அம்மாவின் காலை இரண்டு வேளையும் அவளே பார்த்துக்கொண்டாள். நான் தால் ஏரியில் ஷிகாரா படகும் ஏறவில்லை, பனிமலை பார்க்கக் குல்மார்க்கும் போகவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, மன்னிக்கவும்.

குளிர் நாட்டுக்குச் சர்க்கரை உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாக்ஸை ஊரிலேயே, ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். தவறானது வந்தால் மாற்ற நேரம் வேண்டும். லேபிள், தையல், பட்டை மூன்றையும் பாருங்கள். ஷூவுக்குள் விரல்கள் அசைய இடம் வேண்டும். அதற்கு மேல் ஒரு ஜோடியைத் திணித்தால் கால் குளிர்ந்துதான் போகும். மோதிரம், மெட்டி எதுவானாலும் புறப்படும் முன் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். வெளியே சுற்றும் நாளில் நடுப்பகலில் எங்காவது உட்கார்ந்து ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், கண்ணால் பாருங்கள். நான் கேட்டேன், அவள் நன்றாக இருக்கிறது என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் இருந்தபடி, "ஏலே, இங்கன வந்து உக்காரு. உன் காலக் காட்டு" என்றாள். எனக்கு என்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. என் பருத்தி சாக்ஸை அவளே உருவினாள். ஈரமாக இருந்தது. இடது குதிகாலில் ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்து, சாக்ஸின் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பம் வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் என் பெருவிரலைக் கிள்ளினாள். "தெரியுதா?" தெரிந்தது, ஆனால் கம்பளி சாக்ஸுக்கு மேல் கிள்ளியது போலத் தெரிந்தது. எங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை. நாற்பத்தேழு வயது வரை நான் ஒருமுறை கூட ரத்தத்தில் சர்க்கரை பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் இருந்ததில்லை என்பதுதான் சரி. அக்கா தன்னுடைய உலர்ந்த வெள்ளை சாக்ஸ் ஒன்றை எடுத்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து எனக்குப் போட்டுவிட்டாள்.

சங்கரன்கோவில் வந்த மறுநாள் காலை சோதனை செய்தேன். வெறும் வயிற்றில் 168. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் பள்ளிக்கு பஸ் ஏறும் முன் மில்லுக்குப் போகிறேன். அத்தான் மாவு மூட்டையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுக்கிறார். அக்கா என் காலைப் பார்க்கிறாள், நான் அவள் காலைப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் ஆகிறது.